கண்ணாடிக்குத் தெரியாத கண்

ஆலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். கழுவிய பாட்டில்களைச் சோதிப்பது அவள் வேலை. பாட்டில்கள் பெல்ட்டில் ஓடும், அடியிலிருந்து வெள்ளை வெளிச்சம் அடிக்கும். பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் கழுகு, அந்தப் பக்கம் இன்னொருத்தி, முகத்துக்கு முகம். கழுகு பாட்டிலின் வாயைப் பார்ப்பாள், எதிர் சீட்டுக்காரி அடியைப் பார்ப்பாள். உடைசலைக் கண்டால் எடுத்துத் தன் தொட்டியில் போடவேண்டும். அந்தத் தொட்டிகளைக் கொட்டுவது என் வேலை.

இரைச்சலில் பேச முடியாது. முடிந்தாலும் இவர்கள் பேசமாட்டார்கள். ஒரு காலத்தில் கழுகு தூங்கி வழிந்ததை எதிர் சீட்டுக்காரி மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டாள். "கோள்மூட்டி" என்று கழுகு எல்லோர் முன்னாலும் கத்தினாள். அன்றோடு சரி. நாள் முழுக்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. வறட்டுப் பிடிவாதம், வேறென்ன?

கழுகுக்கு வீட்டிலும் ஆளில்லை. கணவர் போய்ச்சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. தூரத்து ஊரில் ஒரு தம்பி, நினைவு வந்தால் போன் செய்வான். அறையில் இரண்டு நாற்காலி உண்டு. இரண்டாவதில் மடிக்காத துணிதான் உட்கார்ந்திருக்கும்.

எதிர் சீட்டுக்காரி மகளின் பிரசவத்துக்கு விடுப்பில் போனாள். அந்த வாரமே வாய் உடைந்த பாட்டில்கள் கழுகைத் தாண்டிப் போய்விட்டன.

"கண்ண வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று மேற்பார்வையாளர் எரிந்து விழுந்தார்.

கண்ணை இடது பக்கம் திருப்பினால் பாட்டில் இரண்டாகத் தெரிகிறது என்பதை அவள் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று இடதும் வலதும் பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால், கண் அசைவதே தெரியவில்லை.

மருத்துவமனைக்கு அவள் தனியாகத்தான் போனாள். டாக்டரம்மா விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், பிறகு விளக்கினார்.

"ரெண்டு கண்ணும் தனித்தனியா ஓடறதில்லம்மா. மூளையோட அடிப்பகுதியில இருந்து உத்தரவு வருது. ஒரு கண்ணுக்கு வர்ற உத்தரவ இன்னொரு கண்ணுக்கும் கொண்டுபோக உள்ள ஒரு நரம்பு இருக்கு. உங்களுக்கு அதுலதான் பழுது. இடது பக்கம் பாக்கும்போது வலது கண்ணு பின்தங்குது."

"கண்ணாடியில நல்லாத்தான இருந்துச்சு?"

"கண்ணு தாவுற நேரத்துல மூளை பார்வைய அடக்கி வச்சிடும். இல்லன்னா எதப் பாத்தாலும் கலங்கலா தெரியும். அதனால நம்ம கண்ணு ஓடறத நம்மளால பாக்க முடியாது. எதிர்ல இருக்கறவங்கதான் பாக்கணும்."

ஸ்கேனில் ஒரு தழும்பு இருந்தது. இது முதல் தடவையா, இல்லை முன்பே வந்து தானாகச் சரியாகி மறுபடி வந்ததா என்பது தெரியவேண்டும், இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து என்றார். "வீட்டுல கூட இருக்கறவங்கள கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் தம்பியை அழைத்தாள். "என் கண்ணு எப்பவாச்சும் கோணலா இருந்துச்சாடா?"

"உன்ன நேர்ல பாத்தே எவ்வளவு நாளாச்சுக்கா," என்றான் அவன்.

அன்று துணிக் குவியலைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். கண் போய்விடுமோ என்ற பயம்கூட இல்லையாம். தன் முகத்தை இத்தனை காலம் ஒருவரும் பார்க்கவில்லையே என்றுதானாம்.

விடுப்பு முடிந்து எதிர் சீட்டுக்காரி வந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் கழுகு அவள் எதிரே போய் நின்றாள். பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த எனக்கே கை ஓடவில்லை.

"என் கண்ணு..." என்று கழுகு இழுத்தாள்.

"வலது கண்ணு," என்றாள் அவள், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல். "புது பெல்ட் போட்டப்ப மொதல்ல வந்துச்சு. உன் இடது பக்கம் பாட்டில் வந்தா அது மட்டும் மெதுவா வரும். கொஞ்ச நாள்ல சரியாப்போச்சு. போன மழைக்கு மறுபடி ஆரம்பிச்சுது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? மேல சொன்னா கோள்மூட்டி. உன்கிட்ட சொல்லலாம்னா நீ மூஞ்சிய திருப்பிக்குவ. நீ விட்டத நானே எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான்."

அடியைப் பார்க்கவேண்டியவளின் தொட்டியில் வாய் உடைந்த பாட்டில்கள் எப்படி வந்தன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை நாள் கொட்டியிருப்பேன்! மரமண்டை.

கழுகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"மருத்துவமனைக்கு என்கூட வர்றியா?" என்றாள்.

"கை கழுவிட்டு வரேன், இரு."

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். புது பெல்ட் எப்போது போட்டார்கள், நடுவில் எவ்வளவு நாள் கண் நேராக ஓடியது என்று துருவித் துருவிக் கேட்டார். எதற்கும் எதிர் சீட்டுக்காரி தடுமாறவில்லை. எந்த மருந்து என்பது அங்கேயே முடிவானது.

"இவ்வளவு கவனிச்சிருக்கீங்களே," என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு நீங்க என்ன வேணும்? அக்காவா, தங்கச்சியா?"

கழுகு கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தாள். கழுகின் இடது பக்கம்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டாகத் தெரிந்திருப்பாள்.

"எதிர் சீட்டு," என்றாள் அவள்.