கடைசி இரண்டு நிமிடம்

எழுபதுகளின் நடுவில் கிண்டிக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே ப்ரோக்ரெசிவ் ராக் கேட்பவர்கள் மூன்றே பேர் என்று நாங்கள் நம்பினோம். நாலாவதாக ஒருவர் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் எங்களிடம் வந்து சொல்லவில்லை.

மூவரில் சின்னவன் நான். கிழக்குத் தாம்பரத்தில் வீடு, அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிறு காலை சர்ச் கோயரில் பாட்டு. இரண்டாமவன் என் கல்லூரித் தோழன். அவன் அப்பா பல்லாவரத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், கோவில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர்கள் வீட்டு லவுட்ஸ்பீக்கரைத்தான் கட்டுவார்கள். மூன்றாமவர் எங்களைவிட ஐந்து வயது மூத்தவர். கிண்டியில் ஒரு கம்பெனியில் கிளார்க். முடிச்சூர் ரோட்டில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தார். நாங்கள் அவரை அண்ணன் என்போம். தலைவர் என்று சொல்லியிருந்தாலும் தகும்.

அந்தச் சங்கீதத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரப் பையன்கள் சிலர் கிடாரும் ஆர்கனும் வைத்துக்கொண்டு ஒரே பாட்டை இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க வாசிப்பார்கள். தாளம் ஏழாக இருக்கும், திடீரென்று ஐந்தாகும், பிறகு யாருக்கும் தெரியாத ஒன்றாகும். அதற்கு ஆடவும் முடியாது, கூடவே பாடவும் முடியாது. அதுதான் எங்களுக்குப் பெருமை. "மூணு நிமிஷத்துல முடிஞ்சா அது பாட்டில்லடா, பல்பொடி விளம்பரம்" என்பார் அண்ணன். சினிமாப் பாட்டு என்ற சொல்லையே அவர் மூக்கைச் சுளிக்காமல் உச்சரித்து நான் கேட்டதில்லை.

எனக்கோ சினிமாப் பாட்டு என்றால் உயிர். இதை அன்று எங்கேயும் சொல்ல முடியாது. வீட்டில் அப்பாவுக்கு அது பாவம். இங்கிலீஷ் பாட்டு எதுவானாலும் கீர்த்தனைக்குத் தூரத்து உறவு என்று விட்டுவிடுவார். அண்ணன் அறையில் அது அதைவிடப் பெரிய பாவம். ஆகவே மத்தியானங்களில் அப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, டிரான்சிஸ்டரைச் சமையலறை ஜன்னலில் வைத்து, சிலோன் ஸ்டேஷனில் நேயர்கள் கேட்கும் பாட்டுகளைக் கள்ளத்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவும் கூடவே கேட்பாள். அவளும் சொல்லமாட்டாள், நானும் சொல்லமாட்டேன்.

அண்ணனின் பெரியம்மா மகன் கப்பலில் வேலை பார்த்தார். எழுபத்தாறில் ஒருமுறை கரைக்கு வந்தவர், அண்ணனுக்கு ஒரு காசெட் ரெக்கார்டரும், நான்கே நாள் இரவலாக ஓர் இசைத்தட்டும் கொடுத்தார். அந்தத் தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். பல்லாவரத்துக் கடையில் வைத்து அதைக் காசெட்டில் பிடித்தோம். அரை மணி நேர நாடாவில் ஏழு நிமிடம் வெறுமையாக மிஞ்சியது. காசெட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. தோழன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். "உடைக்காதே. ஏழு நிமிஷம் இருக்கு, நல்லதா ஏதாவது கெடச்சா போட்டுக்கலாம்" என்று அண்ணன்தான் தடுத்தார். தட்டு கப்பலோடு போய்விட்டது. எங்களிடம் இருந்தது அந்த ஒரு காசெட்தான்.

மெஷினும் காசெட்டும் வாரம் ஒருவர் வீட்டில் இருக்கும். ஞாயிறு மதியம் அண்ணன் அறையில் மூவரும் கூடிக் கேட்போம். கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. நாடா ஓடத் தொடங்கிவிட்டால் பேசக்கூடாது, எழக்கூடாது, மெஷினைத் தொடக்கூடாது. பாட்டு முடிந்த பிறகும் அந்த ஏழு நிமிட வெறும் நாடா ஓடி, பட்டன் தானாக 'டக்' என்று எழும்பும் வரை வாயைத் திறக்கக்கூடாது. "முடிஞ்சதும் கைதட்டி வடை திங்கறதுக்கு இது கச்சேரி இல்ல" என்பார். அந்த ஏழு நிமிடத்தில் எனக்கு எப்போதும் பசிக்கும்.

மூன்றாவது வாரம் மெஷின் என் வீட்டுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிலோனில் அறிவிப்பாளர், விளம்பரங்களுக்குப் பிறகு வரப்போகும் ஒரு பாட்டைச் சொன்னார். மாதக்கணக்காக நான் காத்திருந்த பாட்டு. அதில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் சேர்ந்து ஏறி, ஒரு புல்லாங்குழலிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கும். அந்த இடத்துக்காகவே அந்தப் பாட்டு. என்னிடம் வேறு காசெட் இல்லை. வெறுமையாக ஏழு நிமிடம் இருக்கிறதே என்று தோன்றியது. நாடாவை ஓட்டி, நாடா எவ்வளவு ஓடியது என்று மெஷினில் காட்டும் எண்ணைப் பார்த்து, பாட்டு முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, மைக்கை டிரான்சிஸ்டர் பக்கம் திருப்பி, சிவப்புப் பட்டனை அழுத்தினேன். நாடாவின் தொடக்கத்தில் அந்த எண்ணைப் பூஜ்யத்தில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அப்போது அது எனக்குத் தெரியாது.

ஞாயிறுக்குள் அழித்துவிடுவதாகத்தான் திட்டம். புதன்கிழமை அழித்திருக்கலாம். இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று வியாழனுக்குத் தள்ளினேன். முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே எண்ணுக்குத் திருப்பி அங்கிருந்து கேட்டேனே தவிர, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கவே இல்லை. சனிக்கிழமை பேட்டரி தீர்ந்தது. ஞாயிறு காலை எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொண்டேன்.

மெஷினைத் துணிப்பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு ரயில்வே கேட்டில் நின்றபோது எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். பாட்டு முடிந்ததும் 'வயிற்றைக் கலக்குகிறது' என்று சொல்லி மெஷினை நிறுத்திவிடலாம்.

அதற்கு அவசியமே ஏற்படவில்லை. இருபத்தோராவது நிமிடம், ஆர்கன் தனியாக நின்று அடுத்த அடியை எடுத்து வைக்கும் நேரத்தில், 'சடக்' என்று ஒரு சத்தம். அறிவிப்பாளரின் குரல் சுத்தத் தமிழில் ஒரு படத்தின் பெயரைச் சொன்னது. சினிமாப் பாட்டு தொடங்கியது. உச்சக்கட்டமான கடைசி இரண்டு நிமிடம் போயே போய்விட்டது. தட்டு எந்தச் சமுத்திரத்தில் இருக்கிறதோ.

யாரும் பேசவில்லை. பேசக்கூடாது, அதுதான் முறை. மூவரும் பாயில் சம்மணமிட்டு, கோயிலில் உட்கார்ந்த மாதிரி, ஒரு காதல் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டோம். தோழன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வயலின்கள் ஏறும் இடத்தில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்தேன். பாட்டு முடிந்தது, மிச்ச நாடாவும் ஓடியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான சில நிமிடங்கள் அதற்குப் பிறகும் வந்ததில்லை.

பட்டன் எழும்பியது.

"மச்சான், ரெக்கார்டிங் இன்னா கிளியரா கீது!" என்றான் தோழன்.

அண்ணன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். என்னிடம் அவர் சத்தம் போடவில்லை. "வெறும் நாடாவுல என்னமோ போட்டேன்னா அது உன் ரசனை, உன் தலையெழுத்து. முடிவையே அழிச்சிட்டியேடா" என்றார். அப்புறம் நாடாவைத் திருப்பி, மைக்கைக் கழற்றிவிட்டு, சிவப்புப் பட்டனை அழுத்தி, அந்தச் சினிமாப் பாட்டை வெறும் மௌனத்தால் அழித்தார். நாங்கள் அது முடியும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது. பாட்டு போனதற்காகவும், முடிவு போனதற்காகவும், எல்லாவற்றையும்விட, இனி இந்த அறைக்கு வராதே என்று சொல்லிவிடுவார் என்பதற்காகவும். வேறு எங்கே போவேன்? எங்கள் ஊரில் ஏழு எண்ணத் தெரிந்த வேறு ஆள் கிடையாது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. "நீ கோயர்ல பாடுறவன்தானே? காதுல நிக்கும் இல்ல? அந்த ரெண்டு நிமிஷத்த சோல்ஃபாவுல எழுதிட்டு வா. சரியா வந்தா நீயும் வரலாம்" என்றார்.

எங்கள் கோயரில் எல்லாப் பாட்டும் சோல்ஃபா எழுத்தில்தான். ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து, தாளத்துக்குப் புள்ளியும் கோடும். பத்துப் பன்னிரண்டு தடவைதான் அந்த முடிவைக் கேட்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை கோயர் பயிற்சி முடிந்ததும் சர்ச் ஆர்மோனியத்தில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தபோது திடீரென்று வந்தது. ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, மெல்ல இறங்கும் ஒரு வடிவம். ஏழு எண்ணிக்கையில் மெதுவாக வாசித்தேன். சரியாக உட்கார்ந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

பின்னால் நின்ற கோயர் மாஸ்டர், "எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேப்பா" என்றார்.

"நீங்க கேட்டிருக்க முடியாது சார். இது லண்டன்ல வாசிக்கிறது" என்றேன். எவ்வளவு திமிர்.

ஞாயிறு அன்று அண்ணனிடம் தாளைக் கொடுத்துப் பாடிக் காட்டினேன். தோழன் நெற்றியைச் சொறிந்தான். "இப்டியா இருந்துச்சு? எனக்கு என்னமோ..." என்று இழுத்தான். அண்ணன் தாளை நெடுநேரம் பார்த்தார். "இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அத்தோடு வழக்கு முடிந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் முறையில் ஒரு பகுதி கூடியது. இருபத்தோராவது நிமிடம் நாடா அறுந்த மாதிரி நிற்கும். அந்த இடத்தில் மூவரும் எடுப்போம். அண்ணன் கீழ்க்குரல், நான் மேல்குரல், தோழன் நாக்காலும் தொடையிலும் டிரம்ஸ். பாட்டு முடிந்ததும் பட்டன் எழும்பும் வரை மௌனம். இரண்டு வருடம் ஒரு ஞாயிறுகூட விடாமல் அதைப் பாடினோம். இடையில் தோழனுக்கு நிக்காஹ் நிச்சயமானது, எனக்கு டிகிரி முடிந்தது, அண்ணனுக்கு முன்தலையில் முடி கொஞ்சம் போனது. கூடவே பாட முடியாத சங்கீதம் என்று பெருமை அடித்தவர்கள், நன்றாகப் பாடிக்கொண்டிருந்தோம்.

எழுபத்தெட்டில் கப்பலில் இருந்த பெரியம்மா மகன் அதே தட்டோடு மறுபடி வந்தார். தட்டைச் சாக்குப் போட்டுச் சுற்றிக் கொண்டு போனோம், பல்லாவரத்துக் கடைக்கு. கடையின் பெரிய டர்ன்டேபிளில் போட்டோம். காலி முடிவை நிரப்ப, காசெட்டையும் கையோடு எடுத்துப் போயிருந்தோம்.

இருபத்தோராவது நிமிடம் வந்தது. ஆர்கன் அடுத்த அடியை எடுத்து வைத்தது. எங்கள் வடிவம் எதுவும் அதில் இல்லை. ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிடம், கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னமாகி, ஒன்றுமில்லாமல் போனது. ஊசி கடைசி வளையத்தில் 'டிக், டிக்' என்று சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிக் கொடுத்தது அந்த வயலின்கள். ஏழு எண்ணிக்கையில் மெதுவாக்கிய, முப்பது தடவை கேட்ட, சிலோன் வயலின்கள். இறங்கி வரும் இடம் புல்லாங்குழல். இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல், அந்தப் புனிதமான அறையில், மூன்று பேரையும் சினிமாப் பாட்டு பாட வைத்திருக்கிறேன். காது மடல் எரிந்தது.

"அண்ணா, நான் தெரிஞ்சு செய்யல" என்றேன்.

அண்ணன் ஊசியை எடுத்து ஓரமாக வைத்தார். "தெரியும்டா. நீ பாடிக் காட்டின அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியே." அவர் என்னைப் பார்க்காமல் தட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு அந்த எடம் அவ்வளவு புடிக்கும்டா. நான் எப்படி வாய்விட்டுக் கேக்கறது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு வருடம் மூக்கைச் சுளித்துக்கொண்டே கீழ்க்குரல் பாடிய மனிதர். தோழன் பக்கம் திரும்பினேன். அவனாவது என் கட்சி என்று நினைத்தேன்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குற மச்சான்? மாசத்துல எட்டு கண்ணாலத்துக்கு அந்த ரெக்கார்ட போட்டுகினு கீறவன் நானு. எனக்குத் தெரியாதா?" என்றான்.

ஆக, தெரியாமல் பாடியவன் நான் ஒருவன்தான்.

தோழன் தட்டை மறுபடி டர்ன்டேபிளில் வைக்க எடுத்தான். உண்மையான முடிவை இப்போதாவது காசெட்டில் ஏற்ற வேண்டுமே. அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். காசெட்டை வாங்கி, மேசைமேல் கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து, முதுகில் இருந்த பிளாஸ்டிக் பல்லை உடைத்தார். அது எங்கோ தெறித்து விழுந்தது. காசெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கெழம லேட்டா வராதீங்க" என்றார்.