கேக்கின் மேல் நின்ற சுரங்க மிஷின்

என் மனைவிக்கு முதல் கேக் ஆர்டர் வந்த அன்றே அவள் என்னை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டிருக்க வேண்டும். இரக்க சுபாவம், விட்டுவிட்டாள்.

ஆர்டர் கொடுத்தவர் எதிர் குவார்ட்டர்ஸ்காரர். சுரங்கத்தில் மண்ணை வெட்டித் தள்ளும் ராட்சதச் சக்கர மிஷினை ஓட்டியவர், பணி ஓய்வு பெறுகிறார். வாசலில் ஷாமியானா, பிரியாணி, சாக்லேட் கேக். கேக் நன்றாக அமைந்தால் பிளாக்கில் அடுத்தடுத்து ஓய்வு பெறுகிறவர்கள் எல்லாம் என் மனைவியிடம் வருவார்கள். சொதப்பினால் பேக்கரிக்குப் போய்விடுவார்கள்.

"கேக்கு மேல அவரோட மிஷினையே வரைஞ்சா?" என்றேன். எனக்குக் கலையார்வம் வந்தால் வீட்டில் யாராவது ஒருவர் அவதிப்படுவது வழக்கம்.

திட்டம் எளியது. ஓர் அட்டையில் மிஷின் உருவத்தை வெட்டி எடுத்து, அட்டையைக் கேக்கின் மேல் வைத்து, பொடித்த சர்க்கரையைச் சலித்தால் படம் பதிந்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றில் தொடங்கினேன். சக்கரத்தை வளையமாக வெட்டியதும் அதன் நடுப்பகுதி கழன்று மடியில் விழுந்தது. சக்கரம் தோசையாகிவிட்டது. நடுவைத் தாங்க ஆங்காங்கே கொஞ்சம் வெட்டாமல் விட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து, அட்டையைவிட விறைப்பாக இருக்குமே என்று என் பழைய இடுப்பு எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்தேன்.

"ஏங்க, உங்க முதுகெலும்பையா கேக்கு மேல வைக்கப்போறீங்க?"

நியாயமான கேள்வி. பிளீச்சிங் நீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவினேன். எலும்பெல்லாம் கரைந்து கண்ணாடித்தாள் மிஞ்சியது. என்னைப் பற்றிய எதுவும் அதற்கு முன் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. போனில் இருந்த படத்தைப் பார்த்து வரைந்து, பிளேடால் வெட்டினேன். சக்கரம் இம்முறை சக்கரமாகவே நின்றது.

எலும்பு போனதில் ஒரே ஒரு குறை: தாளுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை.

"சக்கரை சீக்கிரம் கரைஞ்சிடும், தூவின உடனே வெட்டச் சொல்லிடுங்க" என்று மனைவி எச்சரித்திருந்தாள். அதனால் ஷாமியானாவுக்கே போய், எல்லோர் முன்னிலையிலும் சலித்தேன். தாளைத் தூக்கியதும் கைதட்டல். ஓய்வு பெறுபவர் கத்தியோடு குனிந்தார். நிமிர்ந்தார்.

"என் கேபின் எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு?"

"அந்தாண்ட நின்னு பாத்தா அப்பிடித்தாண்ணே தெரியும்" என்றார் அவரோடு வேலை பார்த்த ஒருவர்.

"அந்தாண்ட நின்னா கேபினே தெரியாதுடா. சர்வீஸ் பூரா அதுலதான குந்திகினு இருந்தேன்?"

"நீங்க உள்ள குந்திகினு இருந்தீங்க. வெளிய நின்னு எப்பண்ணே பாத்தீங்க?"

அவ்வளவுதான், ஷாமியானா சுரங்கமானது. அந்த நண்பரே இரு கைகளையும் நீட்டி மிஷினாக நின்றார். இன்னொருவர் அவர் அக்குளோரம் கேபினாக ஒட்டிக்கொண்டார். முன்னால் சக்கரமாகச் சுற்றும் கஷ்டமான வேலை, சுரங்கத்தைப் போலவே இங்கேயும், ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கே வந்தது.

"யோவ், நீ திரும்பினா கேபினும் திரும்பணும்ல!" என்றார் ஓய்வு பெறுபவர்.

"கேபின் பிரியாணி வாங்கப் போயிருக்குதுண்ணே."

"ஏங்க, கரையுது" என்றாள் என் மனைவி. முதலில் சக்கரம் மறைந்தது. பிறகு சர்ச்சைக்குரிய கேபின். மிஷினாக நின்றவர் கை வலித்து இறக்கியபோது, கேக் வெறும் பழுப்பு நிலமாக இருந்தது.

ஓய்வு பெறுபவர் திரும்பிப் பார்த்தார். "எங்கடா மிஷினு?"

"ஷிஃப்ட் முடிஞ்சிதுண்ணே, போயிடுச்சு."

சிரித்துக்கொண்டே வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டார். என் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு மாதிரி இருக்குதும்மா. இன்னொரு துண்டு குடு."

மிஷினாக நின்றவர் கையைத் தடவிக்கொண்டே அவளிடம் வந்தார். "அடுத்த மாசம் எனக்கும் ரிட்டயர்மெண்ட்டுங்க. இதே கேக்கு வேணும்." பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "படம் போடாம கிடைக்குங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"தாராளமாங்க."