சேற்றில் நின்ற காரும் அக்காவின் கோடியும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் அக்கா செத்துப்போனாள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். நான் கும்மிடிப்பூண்டியில் மகன் சேகரோடு இருக்கிறேன். எட்டு மணிக்கு அக்கா மகன் போன் செய்தான்.

"சின்னம்மா, அம்மா போய்ட்ச்சு. ஒரு மணிக்குள்ள வந்துடு. தண்ணி வத்திட்சின்னா படகு போவாது."

அந்தக் குப்பத்துக்குச் சுடுகாடு ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. பிணம் படகில்தான் போக வேண்டும். தண்ணீர் இறங்கிவிட்டால் படகு தரை தட்டும். யாருக்காகவும் காத்திருக்க முடியாது.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப்புடவை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். கோடி என்போம். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

அரக்குக் கலரில் ஒரு புடவை வாங்கிக்கொண்டோம். சேகர் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தான்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் வாங்கியது. வெளியே பார்த்தால் ஜீப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். உள்ளே உட்கார்ந்தால் சாதாரண கார்தான் — மெத்தென்ற சீட், ஏ.சி., பெரிய டிவி போல ஒரு ஸ்கிரீன். ஹைவேயில் போனால் தூக்கம் வரும். அன்றைக்கும் அப்படித்தான் போனோம். அழுதுகொண்டே இருந்தவள் எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை.

குப்பத்துக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது ரோடு முடிந்துவிட்டது. சிறுபாலம் கட்டப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். எல்லா வண்டியும் தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரி ஓரத்தில் இறங்கித்தான் சுற்றிப் போக வேண்டுமாம்.

அங்கே ஒரு பழைய ஜீப் நின்றது. இறால் பண்ணைக்குத் தீவன மூட்டை ஏற்றுகிற ஜீப். கதவு கிடையாது, மேலே கிழிந்த தார்ப்பாய். அதன் டிரைவர் ஏகாம்பரம், எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"சாவுக்கா சார்? இத்த இங்கயே வுட்டுட்டு ஏறிக்கோங்க. பண்ணைக்குப் போற வழிதான், எறக்கி வுட்டுர்றேன்."

சேகர் சிரித்தான். "இதுவும் எஸ்யூவிதாங்க. சேத்துல போறதுக்குன்னே தனி பட்டன் கீது."

"பட்டன் கீது சார். சக்கரம் இன்னா சொல்லுதுன்னு கேட்டியா?" ஏகாம்பரம் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். "வயிறு கீழ தொங்குது. உன்னுது முன்சக்கரம் மட்டும் இழுக்கறது. இந்த ஜீப்புக்கு நாலும் இழுக்கும். இதுக்குன்னு இன்னொரு குட்டி கியரும் கீது, மெதுவா போவும், ஆனா நிக்காது. டயரப் பாரு, பல்லு பல்லா... உன்னுது வழவழன்னு கீதே!"

சேகரின் முகம் சுருங்கிவிட்டது. ஆசையாக வாங்கிய வண்டியை யாரோ ஒருவர் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நான் மடியில் கோடிப் புடவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'நீ மெதுவா வா, நான் ஜீப்புல போறேன்' என்று சொன்னால் போதும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மகனை வெளியாள் முன்னால் தாழ்த்தலாமா? புடவையை வழித்துக்கொண்டு அவ்வளவு உயரம் எப்படி ஏறுவது? பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜீப் போய்விட்டது.

ஏரிச் சேறு மேலே காய்ந்து அப்பளம் போல இருக்கும். முதல் பாதி நன்றாகத்தான் போனோம். "பாத்தியாம்மா?" என்றான். அவன் வாய் மூடவில்லை, அப்பளம் உடைந்தது.

பட்டனை அமுக்கினான். ஸ்கிரீனில் மஞ்சள் விளக்கு மினுக்கியது. முன்சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமானது. கறுப்புச் சேறு கண்ணாடி வரைக்கும் தெறித்தது. கடைசியில் கார் வயிற்றைச் சேற்றில் வைத்துப் படுத்துவிட்டது.

நான் இறங்கி நடக்கப் பார்த்தேன். இரண்டாவது அடியில் முழங்கால் வரை உள்ளே போனது. சேகர்தான் பிடித்து இழுத்தான்.

போன் வந்தது. "எங்க சின்னம்மா கீற? தண்ணி எறங்குது!"

"தோ வந்துக்கினே கீறோம்டா" என்றான் சேகர். வண்டி நின்ற இடத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான்.

மூட்டையை இறக்கிவிட்டு ஜீப் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. ஏகாம்பரம் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. "மொதல்ல ஆயாவ ஏத்து" என்றார். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள். ஜீப் குதித்த குதியில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. இதில் ஹைவேயில் போனால் ஊர் போய்ச் சேருவதற்குள் நானே போய்ச் சேர்ந்துவிடுவேன். ஆனால் அந்தச் சேற்றில் அது ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

துறைக்குப் போனபோது படகு நடு ஏரியில் இருந்தது. ஆட்கள் தெரிந்தார்கள். முகம் தெரியவில்லை.

கரையில் நின்ற பெண்களில் ஒருத்தி வந்து என் கையைப் பிடித்தாள். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி, பேர் தேசம்மாள்.

"அரை மணி நேரம் பாத்தோம்க்கா. தண்ணி நிக்குமா? பொங்கலுக்குக் கட்டலாம்னு வெச்சினு இருந்தேன் ஒரு புடவ, அத்த நான்தான் போத்துனேன். பொறந்த ஊடு இல்லாதவ மாதிரி எப்டிக்கா அனுப்பறது?"

நான் கொண்டுவந்ததை அவளிடம் நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சாவுக்கு என்று எடுத்ததை உயிரோடு இருப்பவள் கட்டக் கூடாதே... அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஜீப்பில் கயிறு கட்டிக் காரை வெளியே இழுத்தார்கள். தார் ரோடு வந்ததும் கார் மறுபடி சத்தமே இல்லாமல் ஓடியது. பொன்னேரி தாண்டும்போது சேகர் சொன்னான்.

"அங்கயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஜீப்புல அனுப்பியிருப்பேனேம்மா."

அந்தக் காரை ரோட்டுக்குத்தான் செய்திருக்கிறார்கள், ரோட்டில் ஒழுங்காக ஓடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை — வாய் இருந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தவள் நான்தானே?