மாதா காலடியில் இருந்த அட்டை

என் மகன் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. விடுமுறை முடிந்து உவரியிலிருந்து அவன் கிளம்பிய காலையில், அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டையைக் கேட்டு வாங்கி, எங்கள் வீட்டு மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து ஜெபித்தேன். புது வலை வாங்கினாலும் அங்கே வைத்துத்தான் எடுப்போம். பிறகு கருவாடு பொட்டலம் கட்டும் அவசரத்தில் அட்டையை மறந்தேபோனேன்.

காரில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியவன், வழியில் அஞ்சுகிராமம் போனதும் போன் செய்தான்.

"எம்மா, கார்ட எங்கன வச்ச? அது இல்லாட்டி பிளேன்ல ஏத்த மாட்டாங்க."

மகள் ஸ்கூட்டரை எடுத்தாள். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் உட்கார்ந்தேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவன் ரோட்டிலேயே நின்றிருந்தான்.

"அழாதம்மா, நேரம் இருக்கு. பைய பாத்துப் போங்க" என்று அட்டையை வாங்கிக்கொண்டான்.

பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டான். அன்று காலையில் மாதாவிடம் நான் கேட்டதே, அவன் போகக்கூடாது என்றுதான்.

இப்போது படிப்பு முடிந்து, அங்கேயே வேலை தேடுவதற்குப் புது அட்டை வாங்கியிருக்கிறான். போன மாதம் வந்து திரும்பும்போது பாஸ்போர்ட்டையும் அட்டையையும் நானே அவன் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். அதன்பிறகுதான் வெறுங்கையோடு மாதா முன்னால் நின்றேன்.

கேட்டது மட்டும் பழையதுதான்.