எட்டு பல் செட்டும் இஸ்திரி மாமாவும்

போன வாரம், திருப்பாதிரிப்புலியூரில் என் கிளினிக்கில் ஒருவருக்குப் பல் செட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து மல்லிகா அழைத்தாள். "அக்கா, அப்பா காத்தால போயிட்டாரு" என்று அழுதவள், அடுத்த மூச்சிலேயே, "பல்லு வச்சாதான் முகம் எடுப்பா இருக்கும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. எட்டு டப்பா இருக்குது, எதை வைக்கிறதுக்கா?" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "நீல டப்பா மல்லிகா. என்னோடது. அதைத்தான் மாமா போட்டுக்குவாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவள் அப்பா கோவிந்தசாமி மாமா, அண்ணாமலை நகரில் மாணவர் விடுதிகளுக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்தார். பல் மருத்துவம் படித்த எங்கள் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்துக் கொடுத்தவர் அவர்தான். ஐம்பது வயதிலேயே அவர் வாயில் ஒரு பல் கிடையாது. எங்களுக்கோ, இறுதித் தேர்வுக்கு அப்படிப் பல்லே இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்து, முழு செட் கட்டிக் காட்ட வேண்டும். அந்த ஆள் ஐந்தாறு முறை பொறுமையாக வந்து வாயைத் திறக்க வேண்டும். தேர்வன்று வராவிட்டால் நாங்கள் பெயில்.

ஆள் கிடைக்காமல் நான் அலைந்துகொண்டிருந்த நாளில், கோட்டை மடித்துக் கொடுத்தபடி மாமாவே கேட்டார். "என்னா பாப்பா, மூஞ்சி தொங்கிக் கெடக்குது? வாய்தானே வேணும்? நான் வரேன்."

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே சீனியருங்க கட்டிக் குடுத்த நாலு செட்டு இருக்குதே மாமா?"

"அதுக்கென்னா, அஞ்சாவது ஆவட்டும்."

தேர்வன்று கஞ்சி போட்ட வேட்டியில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். நானோ கீழ் செட்டின் ஓரத்தைச் சரியாக இழைக்காமல் விட்டிருந்தேன். "வலிக்குதா?" என்று தேர்வாளர் கேட்டார். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். "வலியா? கரும்பு இருந்தா குடுங்க சார், உரிச்சுக் காட்றேன்." தேர்வாளர் சிரித்துவிட்டார். நான் பாஸ்.

பிறகு கழற்றிப் பார்த்தால் ஈறு கன்றி ரத்தம் கசிந்திருந்தது. நான் விசும்பினேன். "புதுச் செருப்பு கடிக்காதா? போயி ஸ்வீட்டு வாங்கியா, போ" என்று விரட்டினார்.

அதன்பின் நான் எப்போது பார்க்கப் போனாலும் என் செட்டைத்தான் போட்டிருப்பார். "உன் பல்லுதாம்மா எனக்கு ராசி. மத்ததெல்லாம் டப்பாவுல தூங்குது." இந்தப் பெருமையை நான் பன்னிரண்டு வருடங்களாகச் சுமந்துகொண்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முன்னும் பின்னும் படித்த மூன்று டாக்டர்கள் அந்த டப்பாக்களைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு ராசியான பல் தன்னுடையதுதான் என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். மல்லிகா அழுத கண்ணோடு சிரித்தாள். "போன்ல சொல்ல மனசு வரலக்கா. நீங்க யாரு வரேன்னு போன் பண்ணாலும், அவுங்க பேரு எழுதுன டப்பாவ எடுத்து மாட்டிக்குவாரு. நீங்க அந்தாண்ட போனதும் கழட்டிருவாரு. கறியோ முறுக்கோ, எல்லாம் ஈறாலதான்."

என் நீல டப்பாவைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு வருடம் ஆகியும் ஒரு பல்கூடத் தேயவில்லை. சாவு வீடென்றும் பாராமல் நாங்கள் நால்வரும் கண்ணீர் வரச் சிரித்தோம். அவருக்குப் பல் தேவையே இருந்ததில்லை. எங்களுக்குத்தான் அவர் வாய் தேவைப்பட்டது.

பல் வைக்காமலேயே, வீட்டில் இருந்த அதே பொக்கை வாய் முகத்தோடு அவரை அனுப்பிவைத்தோம்.

நிம்மதியாகத் தூங்குங்கள் மாமா. இனி நாங்கள் யாரும் வந்து உங்களை வாயைத் திறக்கச் சொல்ல மாட்டோம்.