மிச்சம் வைத்திருந்த பத்து மாத்திரைகள்

ஆராதனையில் எழுந்து நின்று இதைச் சொல்ல மூன்று முறை முயற்சி செய்தேன். மூன்று முறையும் கால் எழும்பவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரியும். பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை படித்துவிட்டு, அப்புறம் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பெனிட்டா. காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பதினாறு வயதில் எனக்கு முகப்பரு ஆரம்பித்தது. ஒன்று இரண்டு இல்லை. கன்னம், தாடை, கழுத்து எல்லாம் கட்டி கட்டியாக வரும். சீழ் வைத்து உடையும். ஆறினால் பள்ளம் விழும். சபையில் போட்டோ எடுக்கும்போது நான் பின்வரிசைக்குப் போய்விடுவேன். ஒருநாள் வகுப்பில் ஒரு சின்னப் பெண், "மிஸ், உங்களுக்கு வலிக்குதா?" என்று கேட்டாள். அவள் அன்பாகத்தான் கேட்டாள். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அழுதேன்.

இருபத்தேழு வயதில் ஒரு தோல் டாக்டர் வீரியமான மாத்திரை ஒன்றைத் தொடங்கினார். ஆரம்பிக்கும் முன் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். இந்த மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது, தரித்தால் குழந்தையின் மூளை, இதயம், காது எல்லாம் பாதிக்கப்படலாம் என்று நிதானமாகச் சொன்னார். எனக்குக் கல்யாணப் பேச்சே இல்லாத நேரம் அது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மாதம் சாப்பிட்டேன். உதடு வெடித்தது. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஆனால் பரு போனது. கடைசி மாதம் டாக்டர் அளவைப் பாதியாகக் குறைத்ததால், கோர்ஸ் முடிந்தபோது ஒரு அட்டை, பத்து மாத்திரை, மிஞ்சிவிட்டது. மிஞ்சினதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். நான் கொடுக்கவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மாத்திரை நின்ற பிறகுதான் வாழ்க்கை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முகம் காகிதம் மாதிரி இருந்தது. கொஞ்சம் வெயில் பட்டாலும் எரிந்தது. மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன், இது மூன்றும் போதும், ஆறு மாதத்துக்கு வேக்ஸிங் பக்கமே போகாதே என்றார் டாக்டர். அக்டோபரில் நிச்சயதார்த்தம் வந்தது. பார்லரில் மேலுதட்டில் வேக்ஸ் போட ஒத்துக்கொண்டேன். பட்டையை இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அந்தக் காயத்தோடுதான் மோதிரம் மாற்றினேன். காயம் ஆறி மீசை மாதிரி ஒரு பழுப்புத் தடம் நின்றது. எல்லாரும் அதையே பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மாப்பிள்ளை ஆல்வின், ஒரு கூரியர் ஆபீசில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவர். அவர் என்னை முதலில் பார்த்ததே முகம் தெளிந்த பிறகுதான். இந்த முகத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தார் என்று என் மனசில் விழுந்துவிட்டது. அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் தாடையில் இரண்டு கட்டி எழும்பியது. கல்யாணம் ஜனவரி இரண்டாம் வாரம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். டாக்டருக்கு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. பீரோவைத் திறந்தேன். தினம் ஒன்றாகப் பத்து நாள் சாப்பிட்டேன். கடைசி மாத்திரையைச் சாப்பிட்டது கல்யாணத்துக்கு முந்தின நாள்.

ஒரு மாதக் கணக்கு எனக்குத் தெரியும். மறந்துபோயிற்று என்று இங்கே பொய் சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் பொறுப்போம் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். பழைய முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். வாய் வரவில்லை.

ஈஜிபுராவில் வாடகை வீட்டில் குடும்பம் தொடங்கினோம். பிப்ரவரி கடைசியில் டெஸ்ட் செய்தேன். இரண்டு கோடு. அவர் சந்தோஷத்தில் அந்தக் குச்சியை டிஷ்யூவில் சுற்றி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச்சில் முதல் தடவை மகப்பேறு டாக்டரிடம் போனோம். மாமியாரும் வந்திருந்தார்கள். ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று டாக்டர் வழக்கம்போல் கேட்டார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இல்லை என்றேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அவர் பேனா நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஜெபித்த ஜெபத்தை ஜெபம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "ஆண்டவரே, நான் அதைச் சாப்பிடாத மாதிரி ஆக்கிவிடும்." இதுதான். பஸ்ஸில், வகுப்பில், சமையல்கட்டில், இதுவேதான். போனில் தேடித் தேடிப் படித்தேன். படங்கள் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மசக்கை என்று எல்லாரும் நினைத்தார்கள். தவக்காலத்து வீட்டு ஜெபக் கூட்டத்தில் எனக்காக எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒரு ஆன்ட்டி என் கன்னத்தைத் தடவி, மாசமா இருக்கிற மினுமினுப்பு என்றார்கள். பாத்ரூமுக்குப் போய் அந்தக் கன்னத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தோல் உரிந்து எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது. மாடியில் துணி காயப்போடப் போனால் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகாமல் திரும்பிவிடுவேன். என்மேல் எனக்கே பயம் வந்துவிட்டிருந்தது.

அந்த வாரம் என் ஜெபம் மாறியது. நானாக மாற்றினேன் என்று சொல்ல முடியாது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வழக்கமான வார்த்தை வரவில்லை. "என் வாயைத் திறந்துவிடும்" என்று வந்தது. அதற்கப்புறம் அதையே கேட்டேன்.

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை முடிந்து வெளியே மோர் கொடுத்தார்கள். அவரும் நானும் காம்பவுண்டு சுவர் ஓரம் நிழலில் நின்றோம். தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஏங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்" என்றேன். அப்புறம் நிற்கவில்லை. பதினாறு வயதிலிருந்து ஆரம்பித்து, டாக்டரிடம் பொய் சொன்னது வரை எல்லாம் வந்துவிட்டது.

அவர் இரண்டு தம்ளரையும் கையில் பிடித்தபடியே நின்றார். கடைசியில், "உன் மூஞ்சியில பரு இருந்தா நான் கட்டிக்கமாட்டேன்னு நெனைச்சியா, பெனி?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப என்னைப் பத்தி உனக்கு ஒண்ணுமே தெரியல."

அதைக் கேட்டபோது வந்த வலி இன்னும் போகவில்லை. வீடு வரும்வரை வண்டியில் ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமையும் இல்லை. ஈஸ்டர் அன்று எல்லாருக்கும் கைகொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. அத்தையிடம் அவரே சொல்லியிருக்கிறார். அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மூஞ்சிதான் முக்கியமா போச்சா உனக்கு?"

திங்கள்கிழமை காலையில் அவர் லீவு போட்டுவிட்டு, ஃபைலை எடு, டாக்டர்கிட்ட போகலாம் என்றார். வாயைத் திறந்துவிடும் என்று கேட்டேன், ஆண்டவர் திறந்துவிட்டார். அதற்குமேல் இந்த மனுஷன் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றது நான் கேட்காதது.

மகப்பேறு டாக்டர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதல் ஸ்கேனை எடுத்துத் தேதி பார்த்தார். "நோடம்மா, பாரும்மா, கடைசி மாத்திரைக்கும் கரு தங்கினதுக்கும் நடுவுல மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. மருந்து பெரும்பாலும் உடம்பை விட்டுப் போயிருக்கும். ஆனா ஒரு மாசம் முழுசா இல்லை. ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதித் தரமாட்டேன். எல்லாம் போச்சுன்னும் சொல்லமாட்டேன்." அடுத்தடுத்து என்னென்ன ஸ்கேன், எப்போது என்று எழுதினார். இந்தக் கரு வேண்டாம் என்று முடிவெடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது, இரண்டு பேரும் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். என் மனநிலையைப் பற்றியும் கேட்டார். மொட்டைமாடியைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கே ஒரு கவுன்சிலரிடம் அனுப்பினார். அது வரைக்கும் ஆல்வினுக்கு அது தெரியாது. வெளியே வந்ததும் முதல் தடவையாக என் கையைப் பிடித்தார்.

ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருந்தோம். அவர் எழுதினதில் முதலாவதில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. பெரிய ஸ்கேன் ஜூனில். அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தச் சாட்சி முழுசாகாது.

காத்திருந்த இடத்தில் என் பக்கத்தில் நீலசந்திராவிலிருந்து வந்த செல்வி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்திரண்டு இருக்கும். கையில் திருநீறு மடித்த காகிதம். முதல் குழந்தை என்றாள். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், நீங்களும் வேண்டிக்கோங்க அக்கா என்றாள். நானும் அவளுக்காக மனசுக்குள் ஜெபித்தேன். அவளை எனக்கு முன்னால் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் அழவில்லை. குழந்தைக்கு இதயம் சரியாக உருவாகவில்லையாம். "நான் ஒரு மாத்திரைகூட சாப்பிடல அக்கா. தலைவலிக்குக்கூட சாப்பிடல" என்றாள். அவள் கணவன் வந்து அழைத்துக்கொண்டு போனான்.

அடுத்தது நான். ஜெல் குளிர்ச்சியாக இருந்தது. ஸ்கேன் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கருவியை நகர்த்தினார். மூளை சரியாக இருக்கிறது என்றார். இதயத்தில் நான்கு அறையும் தெரிகிறது என்றார். காதைப் பார்க்கக் குழந்தை திரும்பவில்லை. என்னை எழுந்து நடந்துவிட்டு வரச் சொன்னார். நடந்தேன். திரும்பப் படுத்தேன். "இதோ, ரெண்டு காதும்" என்றார். ஆல்வின் சுவரில் நெற்றியை வைத்து அழுதார்.

என்னால் அன்று சந்தோஷப்பட முடியவில்லை. தப்பு செய்தவளுக்குக் கிடைத்தது, செய்யாதவளுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன். அவர் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. ஜெபம் செய்ததால் எனக்குக் கிடைத்தது என்று யாராவது என் முன்னால் சொன்னால் செல்வி முகம்தான் ஞாபகம் வரும். அவள் பெயரைச் சொல்லாமல் நான் ஒரு நாளும் ஜெபத்தை முடிப்பதில்லை.

அக்டோபர் கடைசியில் பையன் பிறந்தான். மூன்றாம் நாள் காது கேட்கும் பரிசோதனை செய்து சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அத்தை தன் பைபிளில் வைத்துக்கொண்டார்கள். என்னோடு பழையபடி பேச அவர்களுக்கு அதற்குப் பிறகும் சில மாதம் ஆனது. ஆல்வினும் நானும் இன்னும் முழுசாகச் சரியாகிவிடவில்லை. மாத்திரை எது வாங்கினாலும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு பரு மறுபடியும் வந்திருக்கிறது. முன்புபோல இல்லை, ஆனால் வந்திருக்கிறது. தோல் டாக்டரிடம் போய் அந்தப் பத்து மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பால் கொடுப்பதால் மாத்திரை கிடையாது, ஒரு லேசான கிரீம் மட்டும் என்றார். காலையும் மாலையும் முகம் கழுவுகிறேன், மாய்ஸ்சரைசர் போடுகிறேன், பள்ளிக்குப் போகும்போது சன்ஸ்கிரீன். பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. போட்டோவில் இப்போது எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிற்கிறேன்.

அந்த மாத்திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு அது நல்லது செய்திருக்கிறது, எனக்கும் செய்தது. நம் சபையில் அதைச் சாப்பிடுகிற பெண்பிள்ளைகள் இருப்பீர்கள். டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள், மிஞ்சினதைத் திருப்பிக் கொடுங்கள். ஜெபித்தால் போதும், டாக்டர் வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என்னை ஆண்டவர் டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போனார்.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று உங்களிடம் இருந்தால், அதை நடக்காததாக ஆக்கச் சொல்லி அவரிடம் கேட்காதீர்கள். சொல்வதற்குப் பலம் கேளுங்கள். அவர் கொடுப்பார், எனக்குக் கொடுத்தார். பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் கோபப்படலாம். பேசாமல் இருக்கலாம். ஆனாலும் சொன்ன நிமிஷத்திலிருந்து நீங்கள் தனியாக இருக்கமாட்டீர்கள். நான் ஏழு வாரம் தனியாக இருந்து பார்த்தேன். நீங்கள் ஒரு நாள்கூட அப்படி இருக்க வேண்டாம்.