மூன்று துப்பலும் ஒரு தள்ளுவண்டியும்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் பனி கொட்டும் நாளிலும் கைக்குழந்தைகள் வெளியில்தான் தூங்குகிறார்கள். பெற்றோர் உள்ளே கோப்பி குடிக்க, கடை வாசலில் தள்ளுவண்டிகள் சைக்கிள்களைப் போல வரிசையாக நிற்கும். கொம்யூனில், அதாவது நகரசபையில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதன் முறைகள் எல்லாம் மனப்பாடம். வண்டி காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும், கம்பளிப் போர்வை, பிள்ளை அழுதால் நம் கையில் ஒலிக்கும் பேபியலார்ம். சந்தேகப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

சென்ற வசந்தத்தில், இங்கே பிறந்து டெனிஷிலேயே பேசும் மகள் ஆரணி, தன் கைக்குழந்தையோடு என்னையும் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்கு இழுத்துப் போனாள். கடற்கரை ஹோட்டல்கள் வேண்டாமாம். ஒலிவ் மரங்களும் ஆடுகளும் மட்டுமே உள்ள அமைதியான மலைப்பக்கம் வேண்டுமாம். அங்கே ஒரு கிராமத்துக் கோப்பிக் கடை வாசலில், தூங்கும் பிள்ளையை வண்டியோடு மர நிழலில் விட்டு உள்ளே போனோம். கோப்பி வருவதற்குள் எட்டிப் பார்த்தேன். வண்டி நின்றது. பிள்ளை இல்லை. என் கையிலிருந்த பேபியலார்ம், எல்லாம் ஒழுங்கு என்று பச்சை விளக்குக் காட்டியது.

"ஐயோ அப்பா, பிள்ளை!" ஆரணிக்குத் தமிழ் வந்துவிட்டது. தெருவில் விசாரிக்க ஒரு மனிதர் இல்லை. அமைதியான பக்கம் என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. மனப்பாடமான முறைகளில் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை, ஓடினேன்.

எதிர்வீட்டு முற்றத்தில் கறுப்பு உடை அணிந்த கிழவி ஒருத்தி பிள்ளையை மடியில் ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பொரிந்து தள்ளினாள். எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் பிள்ளையைத் தெருவில் போட்டுவிட்டுப் போன எருமைகளே என்பது தெளிவாக விளங்கியது. "எங்கள் நாட்டில் இதுதான் முறை. சுத்தமான காற்று நுரையீரலுக்கு நல்லது" என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்த நிறத்து மனிதர்கள் உள்ள எந்த நாட்டில் இந்த அநியாயம் என்று யோசித்திருப்பாள். பிறகு, பிள்ளையைத் தருமுன், அவன் முகத்துக்கு நேரே தூ, தூ, தூ என்று துப்பினாள்.

"அப்பா, துப்பிறா! பொலிசுக்குப் போன் அடியுங்கோ!"

"சும்மா இரு பிள்ளை. கண்ணூறு நாவூறு படாமல் துப்பிறா. எங்கடை ஊரிலையும் இப்பிடித்தான்."

"ஹைஜீன், அப்பா!"

"ஓம். சளி வந்தா டெனிஷ் டொக்டர் பாப்பார். நாவூறுக்கு அங்கை ஆள் இல்லை."

கோல்டிங் திரும்பியதும் ஆரணி வழக்கம்போல வண்டியைத் தோட்டத்தில் விட்டாள். முறை முறைதான், நான் மறுக்கவில்லை. குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, கதிரையைத் தூக்கிப்போய் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அலார்ம் இருக்குத்தானே அப்பா, உள்ளை வாங்கோ!"

"சுத்தமான காத்து நுரையீரலுக்கு நல்லது."

அவள் ஜன்னலைச் சாத்தியதும் குனிந்து மெதுவாகத் துப்பினேன். தூ. தூ. வேலிக்கு மேலால் பக்கத்துவீட்டு டெனிஷ்காரர் தலை நீட்டிக் கையசைத்தார். நானும் மரியாதையாகக் கையசைத்தேன். மூன்றாவது வாய்க்குள்ளேயே நின்றது, அவர் எப்போது உள்ளே போவார் என்று காத்துக்கொண்டு.